காணாதவருக்கு ஒரு கையெழுத்து

(தூத்துக்குடியில், கப்பல் பணிக்குப் படிக்கும் மாணவர்களும் துறைமுகத் தொழிலில் உள்ளவர்களும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேப்டன் பேசுகிறார் என்றதும் புயலைப் பற்றிச் சொல்வார், கடற்கொள்ளையரைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஏமாற்றத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் கடல் வாழ்க்கையில் புயலைக் கண்டு கை நடுங்கியது இரண்டே முறை. பேனாவைப் பிடித்தபோது நடுங்கியதற்குக் கணக்கே இல்லை.

ஒரு இரவைச் சொல்லித் தொடங்குகிறேன். காக்கிநாடா. அப்போது நான் சீஃப் ஆஃபீசர். பழைய வழக்கில் 'மேட்'. கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை, வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கரையிலிருந்து பார்ஜ்களில் அரிசி மூட்டை வரும். கப்பலின் கிரேன் அதைத் தூக்கி சரக்கறையான ஹோல்டுக்குள் இறக்கும். மூட்டைக்கு 50 கிலோ. மொத்தம் 8,000 டன், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. கடைசிப் பார்ஜ் காலியானபோது விடியற்காலை மூன்று மணி. ஏஜென்ட் படியேறி வந்தார். தோள்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"சார், எல்லாம் டைப் பண்ணியாச்சு. கையெழுத்து மட்டும் போட்டால் போதும்."

காகிதத்தில் 1,60,000 மூட்டை என்று இருந்தது. ஏற்றும்போது நாங்கள் எண்ணிக் குறித்த டாலி கணக்கில் 1,59,588. வித்தியாசம் 412 மூட்டை. இருபது டன்னுக்குக் கொஞ்சம் மேல். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். ஏஜென்ட் சொன்ன அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இது என்ன காகிதம்?

சரக்கு ஏறியதும் கப்பலின் மேட் கொடுக்கும் ரசீதுக்கு 'மேட்ஸ் ரெசீட்' என்று பெயர். அதைப் பார்த்து எழுதப்படுவது 'பில் ஆஃப் லேடிங்'. இதைச் 'சரக்கேற்றுச் சீட்டு' என்று வைத்துக்கொள்வோம். இனிச் சுருக்கமாகச் 'சீட்டு' என்றே சொல்கிறேன்.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். செருப்பை வாங்கிக்கொண்டதற்கு அது ரசீது. திரும்பத் தருவோம் என்ற ஒப்பந்தத்துக்கும் அதுவே சாட்சி. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் செருப்பைக் கொடுப்பார்கள். இந்த மூன்று வேலையையும் கப்பல் சீட்டும் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். நீங்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் டோக்கனை ஒருவர் விலைக்கு வாங்குகிறார், இன்னொருவர் அடகு பிடிக்கிறார், மூன்றாமவர் அதை நம்பிக் கடன் கொடுக்கிறார். இவர்களில் ஒருவர்கூட அந்தச் செருப்பைப் பார்த்ததில்லை. அறுந்த செருப்பா, ஒற்றைச் செருப்பா, ஜோடியா, ஒன்றும் தெரியாது. டோக்கனில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவர்களுக்குச் செருப்பு.

கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள கோதுமையோ இரும்போ எண்ணெயோ பல கை மாறிவிடும். கைமாறுவது காகிதம். மூலச் சீட்டு வழக்கமாக மூன்று பிரதி. அந்தக் காலத்தில் தபாலும் கப்பலில்தானே போகும். ஒன்று மூழ்கினால் இன்னொன்றாவது போய்ச் சேரட்டும் என்று வெவ்வேறு கப்பலில் அனுப்பினார்கள். வழக்கம் இன்றும் நிற்கிறது. மூன்றில் எதைக் காட்டிச் சரக்கை எடுத்தாலும் மற்ற இரண்டும் செல்லாமல் போய்விடும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி எழும். நம் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தனவே, இவ்வளவு காகிதமா பார்த்தார்கள்? நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த தோணித் தலைவர்களான தண்டல்கள் வியாபாரியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்கள். வெங்காயம் அனுப்புகிறவரையும் தெரியும், அக்கரையில் இறக்குகிறவரையும் தெரியும். மூட்டை குறைந்தால் அடுத்த நடையில் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். தெரிந்த முகத்துக்கு வாய்ச்சொல் போதும். தெரியாத முகத்துக்குத்தான் காகிதம் வேண்டும். சரக்கு எவ்வளவு தூரம் போகிறதோ, எத்தனை அந்நியர் கை மாறுகிறதோ, அவ்வளவுக்குக் காகிதத்தின் கனம் ஏறும்.

அந்நியருக்கான காகிதம் நம் கடற்கரைக்கும் பழையதுதான். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஓலை இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. சேர நாட்டு முசிறியிலிருந்து எகிப்து வழியாகப் போன சரக்கைப் பற்றியது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலானவற்றின் எடையும் மதிப்பும். ஓலையின் இரு பக்கமும் சேர்ந்து சொல்வது இதுதான்: சரக்கு கடலில் இறங்கியவுடனே, கரையில் பணம் போட்டவருக்கு எடை எழுதிய காகிதம் வேண்டியிருக்கிறது.

இனி இரண்டு வழக்குகள். இரண்டையும் நம் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1786இல் நெதர்லாந்தின் மிடில்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு ஒரு கப்பல் தானியம் போனது. வாங்கியவர் விலையைக் கொடுக்கவில்லை. அதற்குள் சீட்டின் பின்புறம் கையெழுத்திட்டு வேறொருவருக்கு மாற்றிவிட்டு, திவாலும் ஆகிவிட்டார். தானியம் யாருக்கு? பணம் வராத விற்பனையாளருக்கா, சீட்டை நம்பிப் பணம் கொடுத்தவருக்கா? லிக்பாரோ எதிர் மேசன் என்று பெயர்பெற்ற அந்த வழக்கு பல ஆண்டு இழுத்தது. கடைசியில் 1794இல், வணிகர்கள் வழக்கப்படி சீட்டைக் கைமாற்றினால் சரக்கின் உரிமையும் கைமாறும் என்று ஜூரிகள் சொன்னார்கள். காகிதமே சரக்காகிவிட்டது.

அப்படியானால் காகிதம் இருந்து சரக்கு இல்லாவிட்டால்? இரண்டாவது வழக்கு அதுதான். 'பெல்' என்ற கப்பல், கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கு. 12 பேல் பட்டு ஏறியது என்று கேப்டன் கையெழுத்திட்டார். பட்டு ஏறவே இல்லை. சீட்டை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கப்பல் உரிமையாளர்மீது வழக்குப் போட்டார்கள். 1851இல் லண்டன் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஏறாத சரக்குக்குக் கையெழுத்திட கேப்டனுக்கு உரிமையாளர் அதிகாரம் தரவில்லை, அதனால் உரிமையாளர் பொறுப்பல்ல என்றது. ஏமாந்தவர் ஏமாந்தவர்தான்.

வணிக உலகம் கொதித்தது. 1855இல் பிரிட்டனிலும், அதைப் பின்பற்றி 1856இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. சீட்டில் சரக்கு ஏறியதாக இருந்தால், நம்பி விலை கொடுத்தவர் முன்னால் அது முடிந்த சாட்சி என்றது அந்தச் சட்டம். யாருக்கு எதிராகச் சாட்சி? கையெழுத்திட்டவருக்கு எதிராக. உரிமையாளர் நழுவிய இடத்தில், பாரம் கையெழுத்துப் போட்டவன் தலையில் வந்து விழுந்தது. அந்த இந்தியச் சட்டம் 169 ஆண்டு நம்முடன் இருந்தது. 2025இல்தான் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றியது. நான் கடலுக்குப் போன காலம் முழுக்கப் பழையதன் நிழலில்தான் போனது.

சரி, கையெழுத்திடுபவன் எதைப் பார்க்க வேண்டும்?

1924இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தான ஹேக் விதிகள் இதை மூன்றாகப் பிரித்தன. ஒன்று, சரக்கை அடையாளம் காட்டும் குறிகள். இரண்டு, எண்ணிக்கையோ அளவோ எடையோ, சரக்கை அனுப்பும் ஷிப்பர் எழுதிக் கொடுத்தபடி. மூன்று, வெளிப்பார்வைக்குச் சரக்கு இருக்கும் நிலை. இவற்றில் முதல் இரண்டுக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். ஷிப்பர் கொடுத்த கணக்கு தவறு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலோ, சரிபார்க்க வழியே இல்லை என்றாலோ, அதை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவதற்கு அந்த வாசல் கிடையாது. நிலையைப் பார்த்துச் சொல்வது கப்பலின் வேலை, கப்பலின் வேலை மட்டுமே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் ஊரில். இந்தச் சட்டம் பழமொழியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. தீர விசாரிக்க உனக்கு ஆய்வகம் இல்லை, நேரம் இல்லை, நீ அரிசி நிபுணனும் அல்ல. உன் கண் கண்டதை மட்டும் சொல் என்கிறது. கேட்கச் சுலபம்தான். செய்து பாருங்கள்.

முதலில் எண்ணிக்கை. களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளக்கும் பெரியவர் 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்; 'லாபம்' என்பார். பிறகு இரண்டு, மூன்று. பக்கத்தில் பேச்சுக் கொடுத்தால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார். எண்ணும்போது அவருக்கு உலகமே கிடையாது. கப்பலில் எண்ணுகிற டாலி கிளார்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயில், இரைச்சல், தலைக்கு மேலே மூட்டைகளைக் கட்டித் தூக்கும் ஸ்லிங். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். ஒரு ஸ்லிங்குக்கு இத்தனை மூட்டை என்று பேச்சு. நடுவில் இரண்டு மூட்டை குறைத்துக் கட்டிய ஸ்லிங் ஒன்று வரும். கிளார்க் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் ஏழு ஸ்லிங் இறங்கியிருக்கும். திரும்பி வந்து எதிர்த்தரப்புக் கிளார்க்கின் தாளைப் பார்த்து எழுதிக்கொள்வார். அந்த நொடியில் இரண்டு டாலி ஒரு டாலியாகிவிட்டது. நான் வழக்கமாகப் பார்க்கும் முதல் விஷயம், இரு தரப்புத் தாளும் மணிக்கு மணி ஒத்துப் போகிறதா என்பது. அச்சுப்பிசகாமல் ஒத்துப் போனால் எனக்குச் சந்தேகம் வரும். சரியாக 1,60,000 என்று பூஜ்யங்களில் முடியும் கணக்கைக் கண்டாலும் வரும்.

மூட்டையை எண்ணலாம். நிலக்கரியை எப்படி எண்ணுவது? கப்பலையே தராசாக்குகிறோம். டிராஃப்ட் சர்வே என்பது அதுதான். கப்பல் தள்ளும் நீரின் எடைதான் கப்பலின் எடை. முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில் நீர்மட்டக் குறியைப் படிப்போம். வாளியில் நீர் மொண்டு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்போம். கடல்நீருக்கு 1.025, ஆற்றுநீருக்கு 1.000, ஹூக்ளி போன்ற முகத்துவாரங்களில் ஓதத்துக்கு ஓதம் மாறும். சரக்கு ஏறுமுன் ஒருமுறை, ஏறியபின் ஒருமுறை. நடுவில் எரிபொருள் எவ்வளவு கரைந்தது, கப்பலை நிலைப்படுத்தும் பேலாஸ்ட் நீர் எவ்வளவு வெளியேறியது என்று கழிப்போம். மிச்சம்தான் சரக்கு.

எழுபதாயிரம் டன் ஏற்றும் பெரிய கப்பல் ஒன்று, ஒரு சென்டிமீட்டர் அமிழ அறுபத்தைந்து டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். அலையில் குறி அரையடி ஏறி இறங்கும்போது, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், படகிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு சென்டிமீட்டரை நிச்சயமாகச் சொல்ல வேண்டும். நல்ல நிலையில், நல்ல கையில், அரை விழுக்காடு வரை பிழை வரலாம் என்று இத்தொழிலில் ஏற்றுக்கொள்கிறார்கள். எழுபதாயிரத்துக்கு அது 350 டன். கரையில் இருக்கும் கன்வேயர் தராசும் பொய் சொல்லும். ஆகவே இரு எண்ணும் கொஞ்சம் விலகியிருந்தால் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. விலகல் அந்த அரை விழுக்காட்டைத் தாண்டினால் மௌனமாக இருக்கக் கூடாது. கப்பலின் எண்ணையும் எழுதச் சொல்ல வேண்டும். மறுத்தால் கையெழுத்து இல்லை.

இங்கே இளம் அதிகாரிகள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். சீட்டில் மாற்றாமல் கையெழுத்திட்டுவிட்டு, தனியாக ஒரு ஆட்சேபக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். ஏஜென்ட் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். ஏன் சிரிக்க மாட்டார்? ஆட்சேபக் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். சீட்டு உலகம் சுற்றும். உங்கள் ஆட்சேபம், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆளுக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது, நிலை. இதில்தான் சண்டை. மழையில் நனைந்த மூட்டை, வாய் கிழிந்த மூட்டை, துருப்பிடித்த இரும்புச் சுருள், நசுங்கிய பீப்பாய். ஒன்றிரண்டு என்றால் திருப்பி அனுப்பி மாற்றச் சொல்லலாம். பெரும்பாலும் அதுவே நல்ல வழி. மாற்ற மறுத்தால் எழுத வேண்டும். எழுதினால் சீட்டு அழுக்காகிவிட்டது என்பார்கள். வங்கி கடனுறுதிக் கடிதத்தின்பேரில் பணம் கொடுக்க வேண்டுமானால் சீட்டு சுத்தமாக இருக்க வேண்டும். சரக்கோ அதன் பேக்கிங்கோ பழுதென்று வெளிப்படையாகச் சொல்லும் வரி எதுவும் இருக்கக் கூடாது என்பது வங்கிகள் பின்பற்றும் பன்னாட்டு விதி. நீங்கள் எழுதும் ஒரு வரியால் ஷிப்பருக்குக் கோடிக்கணக்கில் பணம் நிற்கும். அதனால்தான் மூன்று மணிக்கு ஏஜென்ட் வருகிறார். நீங்கள் தூங்கி விழும் நேரம் அது.

அப்போது அவர் பையிலிருந்து இன்னொரு காகிதம் வெளிவரும். இழப்பீட்டு உறுதிக் கடிதம். "சார், நீங்கள் சுத்தமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஏதாவது வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எழுதியே தருகிறோம்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இதன் கதி என்ன என்பதற்கு 1957இல் லண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு. ஆரஞ்சுப் பழச்சாறு, 100 பீப்பாய், லண்டனிலிருந்து ஹாம்பர்க்குக்கு. பீப்பாய்கள் பழையவை, சில ஒழுகுகின்றன என்று டாலி கிளார்க்கே குறித்திருந்தார். உறுதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு சுத்தமான சீட்டைக் கொடுத்தார்கள். ஹாம்பர்க்கில் பீப்பாய் ஒழுகியது. கப்பல் தரப்பு இழப்பீடு கொடுத்துவிட்டு, உறுதி தந்தவரிடம் போய் நின்றது. அவர் கொடுக்க மாட்டேன் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. பொய் என்று தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்லி மூன்றாமவரை ஏமாற்றியிருக்கிறீர்கள். அந்த ஏமாற்றுக்கு விலையாக வாங்கிய கடிதத்தை நிறைவேற்றித் தர நீதிமன்றம் இல்லை. அவ்வளவுதான்.

ஆக அந்த உறுதிக் கடிதம் தேவைப்படாதபோது செல்லும், தேவைப்படும்போது செல்லாது.

தேதியும் இப்படித்தான். கடனுறுதிக் கடிதத்தின் கெடு முப்பதாம் தேதி. சரக்கு ஏறி முடிந்தது அடுத்த மாதம் இரண்டாம் தேதி. "முப்பது என்று போடுங்கள் சார், இரண்டு நாள்தானே." பழுது என்றாவது கண்ணுக்குக் கண் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தேதியில் அதுவும் கிடையாது.

இதுவரை கேட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் எழுதித் தள்ளிவிடலாம் என்று சில தம்பிகள் முடிவு செய்திருப்பீர்கள். அதுவும் தப்பு. பின்லாந்தின் கோட்கா துறைமுகத்தில் யூரியா ஏற்றிய 'டேவிட் அக்மஷெனெபெலி' என்ற கப்பலின் கேப்டன், சரக்கு நிறம் மாறியிருக்கிறது, பிளாஸ்டிக், துரு, ரப்பர், கல், கருந்துகள் எல்லாம் இருக்கின்றன என்று எழுதினார். படித்தவருக்கு மொத்த யூரியாவும் குப்பை என்றுதான் தோன்றும். உண்மையில் இருந்த கலப்பு மிகச் சொற்பம். 2002இல் வந்த தீர்ப்பில் நீதிபதி ஒரு நல்ல அளவுகோலைத் தந்தார். கேப்டன் நிபுணராக இருக்க வேண்டியதில்லை; நிதானமாகப் பார்க்கும் ஒரு கேப்டன் நியாயமாக, நேர்மையாக எந்த முடிவுக்கு வருவாரோ அதை எழுத வேண்டும்; அந்த அளவை இவருடைய வரிகள் தாண்டிவிட்டன என்றார். நூறு மூட்டையில் மூன்று நனைந்திருந்தால், 'மூட்டைகள் நனைந்துள்ளன' என்பதும் பொய்தான். 'மூன்று மூட்டை நனைந்துள்ளது' என்பதுதான் மெய். எத்தனை, எங்கே, எப்படி என்பதை எழுதுங்கள். நீங்கள் பயந்துபோய் எழுதும் அகலமான வரியும் காணாதவரை ஏமாற்றும்.

இன்னொன்று. காகிதம் உங்களிடம் வரும்போதே, 'வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில்' என்ற வாசகம் அச்சடித்து வரும். அது ஷிப்பர் சொன்னதுதானே, அவர் தலையில் கட்டிவிடலாம் என்று நினைக்கலாம். பிரேசிலிலிருந்து சீனாவுக்கு சோயா ஏற்றிய 'தாய் பிரைஸ்' கப்பல் வழக்கில் இந்த வாதத்தை வைத்தார்கள். 2021இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வாசகம் ஷிப்பர் தரும் உத்தரவாதம் அல்ல, நீ பார்த்துச் சொல் என்று கேப்டனுக்கு வைக்கும் அழைப்புதான் என்றது. கையெழுத்து விழும்வரை அந்தச் சொற்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது. விழுந்ததும் அவை உங்களுடையவை.

இதுவரை பணம் போகும் கதை. உயிர் போகும் கதை ஒன்றும் உண்டு.

ஏறும் சரக்கைப் பற்றி ஷிப்பர் கப்பலுக்குக் கொடுக்கும் அறிவிப்பும் நாம் சரிபார்க்க வேண்டிய காகிதம்தான். இரும்புத் தாதுத் தூள், நிக்கல் தாது, சிலவகை பாக்சைட் ஆகியவற்றில் ஈரம் மிகுந்தால், கப்பல் குலுங்கக் குலுங்க அவை குழம்பாகிவிடும். ஒரு பக்கம் சாயும், கப்பலும் சாயும். 2009 மழைக்காலத்தில் நம் கடலிலேயே இரண்டு கப்பல்கள் இரும்புத் தாதுத் தூளோடு போயின: மங்களூருக்கு வெளியே 'ஏஷியன் ஃபாரஸ்ட்', பாராதீப்புக்கு வெளியே 'பிளாக் ரோஸ்'. 2015 ஜனவரி 2 அன்று 'பல்க் ஜூபிடர்' வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. மலேசியாவின் குவாந்தானில், கனமழைக் காலத்தில், 46,400 டன் பாக்சைட் ஏற்றியிருந்தார்கள். அறிவிப்புக் காகிதத்தில் ஈரப்பதம் 10 விழுக்காடு. விசாரணையில் தெரியவந்தது 21.3 விழுக்காடு. கப்பலில் 19 பேர், பிழைத்தவர் ஒருவர்.

அந்த 10 என்ற எண்ணை எழுதியவர் கரையில் இருந்தார். இங்கே அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தவர்களே சரக்கின்மேல் பயணமும் செய்தார்கள். எனவே மாணவர்களே, மழை கொட்டுகிறது, காகிதமோ காய்ந்திருக்கிறது என்றால், ஏற்றுவதை நிறுத்துங்கள். தகர டப்பாவில் பாதியளவு தாதுவை அள்ளிப் போட்டு, கெட்டியான தரையில் இருபத்தைந்து முறை தட்டிப் பாருங்கள். மேலே ஈரம் கசிந்தால் மறுபரிசோதனை கேளுங்கள். கசியாவிட்டாலும் அது பத்திரம் என்ற சான்றிதழ் ஆகாது. ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பீர்கள். மாறியிருக்கிறதுதான். பெரும்பாலான சீட்டுகளில் கேப்டன் கையெழுத்திடுவதே இல்லை. அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கரையில் ஏஜென்ட் கையெழுத்திடுகிறார். அந்தக் கடிதத்தில் 'மேட்ஸ் ரெசீட்டில் உள்ளபடியே' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், உண்மையான கையெழுத்து முப்பது வயதுச் சீஃப் ஆஃபீசர் விடியற்காலையில் போட்டது. கண்டெய்னர் வந்தபின் சரக்கே கண்ணில் படுவதில்லை. பூட்டிய பெட்டிக்கு 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று எழுதுகிறோம். 2016 ஜூலை முதல், நிறுத்துச் சரிபார்த்த எடை இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற பன்னாட்டு விதி வந்தது. மின்னணுச் சீட்டுக்குக் காகிதச் சீட்டின் மதிப்பைக் கொடுத்துப் பிரிட்டன் 2023இல் சட்டம் இயற்றியது. பெரிய கண்டெய்னர் நிறுவனங்கள் 2030க்குள் முழுக்க மின்னணுவுக்கு மாறுவதாகச் சொல்லியிருக்கின்றன. நல்லதுதான், போலிச் சீட்டு குறையும், தபாலில் தாமதம் குறையும். ஆனால் நனைந்த மூட்டையைத் தொட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டருக்குக் கை இல்லை. பொத்தானை அழுத்தினாலும் பேனாவை அழுத்தினாலும், அதற்கு முன்னால் ஒருவர் ஹோல்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

காக்கிநாடாவை மறக்கவில்லை. அன்று நான் கேப்டனை எழுப்பினேன். அவர் அனுபவசாலி, அலுத்துப்போன மனிதரும்கூட. "சீஃப், நானூறு மூட்டைக்காகக் கப்பலை நிறுத்தப் போகிறீர்களா?" என்றார். நான் டாலி தாள்களைக் காட்டினேன். ஏஜென்ட் ஷிப்பரைக் கூப்பிட்டார். ஷிப்பர் கத்தியது ரேடியோவில் அறை முழுக்கக் கேட்டது. விடிந்து சூரியன் நன்றாக மேலே வரும்வரை பேச்சு நடந்தது. கடைசியில் இந்தத் தொழிலின் பழைய வரி ஒன்று கைகொடுத்தது. 1,59,588 மூட்டை, மேலும் 412 மூட்டை தகராறில் உள்ளது, கப்பலில் இருந்தால் இறக்கித் தரப்படும். ஷிப்பர் திருடர் என்று அந்த வரி சொல்லவில்லை. நான்தான் சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் எண்ணினார்கள், ஒத்துவரவில்லை என்ற நடப்பை மட்டும் சொன்னது. கேப்டன் ஒன்றும் பேசாமல் கப்பல் முத்திரையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கி முடித்தபோது, எங்கள் எண்ணிக்கையிலும் முப்பது மூட்டை குறைந்தது. ஆக நானும் முழுக்கச் சரியில்லை. அந்த முப்பதுக்குக் கப்பல் பதில் சொன்னது. சரக்கை வாங்கியவர், வெள்ளை அங்கி போட்ட பெரியவர், கப்பலுக்கு வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் மடித்து வைத்திருந்த சீட்டை விரித்து அந்தத் தகராறு வரியின்மேல் விரலை வைத்தார். "இது வந்ததும் வங்கி என் சம்மதத்தைக் கேட்டது. நானூற்றுப் பன்னிரண்டு மூட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு சம்மதித்தேன்" என்றார். பிறகு, எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார், தலையசைத்தார், இறங்கிப் போய்விட்டார்.

நாம் எழுதுவதைப் படிக்கும் அந்நியர்களில் நான் நேரில் கண்டவர் அவர் ஒருவர்தான். மற்ற எவரையும் நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கப் போவதில்லை. உங்கள் மேசையைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் பேசுவார்கள், சிரிப்பார்கள், அவசரப்படுத்துவார்கள். பேச முடியாத ஒரே ஆள், வராத அந்த ஆள். அவர் சார்பில் அந்த அறையில் இருப்பது நீங்கள் மட்டும்.

நாளைக்கு யாராவது வந்து "கையெழுத்து மட்டும்" என்றால், கோபப்பட வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள், ஒரு தேநீர் கொடுங்கள். நீங்கள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.